யார் மாதத்து நோயாளி

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைக் கட்டிக்கொண்டு ஏழெட்டு வருடம் நான் பட்டது போதும், இன்னொருத்தி படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாகத்தான் போகும். இப்போது எனக்கு எதற்கும் அவசரமில்லை.

எனக்கு வந்தது கர்ப்பப்பை இறக்கம். எங்கள் பக்கத்தில் "அடி இறங்கிப்போச்சு" என்று காதோடு காதாகச் சொல்வார்கள். பிள்ளை தங்கும் பை, இருக்கிற இடத்தை விட்டு நழுவி வெளியே வந்துவிடும். படுத்தால் உள்ளே போகும். எழுந்து வேலை செய்தால் வந்து நிற்கும். குந்தி உட்கார்ந்து களை எடுத்தாலும் வரும், மூட்டைக்கு ஒரு கை கொடுத்தாலும் வரும், தண்ணீர்க் குடம் இடுப்பில் ஏறினால் கட்டாயம் வரும். பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடினேன். என் வீட்டுக்காரர் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. அவரிடமும் சொல்லவில்லை. தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

எங்கள் ஊர் பொம்மிடியிலிருந்து வத்தல்மலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. நிலம் அவர் அப்பன் கொடுத்தது. கிணறு நாங்கள் வெட்டியது. அவர் கடப்பாரை போட்டார், மண் கூடையைத் தலையில் தூக்கிக் கரையேறியவள் நான். வயிற்றில் பிள்ளையோடும் தூக்கினேன், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடும் தூக்கினேன். அவர் போன பிறகு இரண்டு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பெரியவன் பெருமாள், சின்னவன் கோவிந்தன். எதிரெதிரே இரண்டு வீடு. கிணற்றடி நிலம் என் காலம் வரைக்கும் எனக்கு. சோற்றுக்கு முறை வைத்தார்கள் ஊர்ப் பெரியவர்கள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் ஒருத்தன் வீடு, பிறகு மற்றவன் வீடு. சாப்பாடு, துணி, வைத்தியம் எல்லாம் அந்தந்த மாதத்துக்காரன் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் வயசான தாய்க்கும் தகப்பனுக்கும் அப்படித்தான் வழக்கம்.

"எனக்கு எதுக்கு முறை? என் அடுப்பு எனக்கு எரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டோரமாகச் சின்னதாகச் சமையலறைச் சாய்ப்பு ஒன்று இறக்கி அதில் தனியாகத்தான் பொங்கித் தின்றேன். என் தண்ணீர், என் விறகு, என் களி.

வாத்தியார் வேலையிலிருந்து நின்றால் மாலை போட்டுப் படம் பிடிக்கிறார்கள். நான் நின்றது இப்படித்தான்: ஒரு நாள் தொட்டியடியில் குடத்தை நிரப்பினேன், தூக்கினேன், அடிவயிறு அப்படியே கழன்று விழுகிற மாதிரி இருந்தது, குடத்தைக் கீழே வைத்தேன். மறுபடி தூக்க முடியவில்லை. அவ்வளவுதான். மறுநாள் அமாவாசை. பெரியவன் வீட்டில் போய்த் தட்டு முன்னால் உட்கார்ந்தேன். ஏன் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பொய் சொல்லக் கூடாது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. விடிகாலையில் யாரோ மாட்டைப் பிடிக்க, யாரோ சாணி அள்ள, நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து விடிகிற சத்தத்தைப் படுத்துக்கொண்டு கேட்டவள் இல்லை நான். சூடாகக் காப்பி கைக்கு வந்தது. ரேடியோவில் விளைபொருள் விலை சொல்வதை முழுசாகக் கேட்டேன். வயசாவதில் இதுவும் உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு பேச்சு வந்தது. சின்ன மருமகள் செல்விக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க அத்தை ரிட்டயர் ஆயிட்டாங்க. பென்சன் நாங்கதான் குடுக்கறோம்" என்று சொல்லிச் சிரித்தாள். கல் மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு வேலைக்கு வளைய மாட்டேன் என்கிறேனாம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள். அவளிடம் அதைச் சொல்வதைவிட அந்தப் பேச்சே மேல் என்று இருந்தது எனக்கு.

ஒரு நாள் காலையில் ஒன்றுக்குப் போக முடியவில்லை. மத்தியானம் ஆகியும் போகவில்லை. வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. இறங்கின பை மூத்திரப் பையையும் சேர்த்து இழுத்து வழியை அடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். பெரிய மருமகள் ராஜாமணி சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அத்தை, இத வச்சிக்கிட்டா எங்க கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

பெரியவன் மாதம் அது. அவனே வாடகைக் கார் பிடித்துத் தருமபுரிக்குக் கொண்டுபோனான். வழி நெடுக மேட்டிலும் பள்ளத்திலும் கார் விழும்போதெல்லாம் மருமகள் என் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். அதை மறக்கக் கூடாது.

ஆசுபத்திரியில் ரப்பர் குழாய் விட்டு நீரை எடுத்தார்கள். அந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்னைப் போல எத்தனை பெண்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, யாரும் எதற்கு வந்தோம் என்று சொல்ல மாட்டார்கள். கேட்டால் "சும்மா, ஒடம்பு சரியில்ல" என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

டாக்டரம்மா சின்ன வயது. எனக்கு மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வருஷமா பாட்டி இப்படி இருக்கு?"

"ஏழெட்டு இருக்குங்க."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"யார்கிட்டங்க சொல்றது? எனக்கு ரெண்டும் பசங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். கயிற்றுக் கட்டிலில் கயிறு தொய்ந்துபோனால் படுத்தவர் முதுகு தரையைத் தொடுகிறதல்லவா, அது போலப் பையைத் தாங்குகிற தசையெல்லாம் தொய்ந்துவிட்டது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, பச்சை உடம்போடு பாரம் தூக்கினவர்களுக்கு அதிகம் வருமாம். வெளியே வந்தது துணியில் உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. முதலில் மருந்தில் நனைத்த துணியைத் தினமும் உள்ளே வைத்துப் புண்ணை ஆற்ற வேண்டும். பிறகு இரண்டு வழி. ஒன்று, ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே வைத்துத் தாங்கச் செய்வது. சில மாதத்துக்கு ஒரு தடவை வந்து மாற்ற வேண்டும். இன்னொன்று, ஆபரேசன். கீழ்வழியாகவே பையை எடுத்துவிட்டு, தொய்ந்ததை இழுத்துத் தைத்துவிடுவது.

வளையம் மாற்ற யார் கூட்டிவருவார்கள்? ஒவ்வொரு தடவையும் அது யார் மாதம் என்று பார்க்க வேண்டும். ஆபரேசன் என்றேன். எனக்கு ஒரே கணக்குத்தான். இந்தச் சனியன் போய்விட்டால் குடத்தைத் தூக்குவேன். குடத்தைத் தூக்கினால் என் அடுப்பு எரியும். யார் தட்டு முன்னாலும் உட்கார வேண்டாம்.

"ஆபரேசன் பண்ணிட்டா நல்லா இருப்பேனுங்களா?"

"நல்லா இருப்பீங்க. நடக்கலாம், நிம்மதியா இருக்கலாம்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அதில் இருக்கிறது என்று நானே வைத்துக்கொண்டேன்.

பெண்கள் வார்டில் சுவரோரக் கட்டில். ரத்தம் எடுத்தார்கள், நீரைச் சோதித்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். மார்பிலும் கைகாலிலும் வயர் மாட்டி இதயம் அடிப்பதைக் காகிதத்தில் கோடாக எடுத்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள். தினமும் காலையில் அந்த மருந்துத் துணி. எரியும். அதைவிட, திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு டாக்டருக்குப் படிக்கிற கண்ட கண்ட பிள்ளைகள் பார்க்க விடவேண்டியிருக்கிறதே, அதுதான் எரிந்தது. இத்தனை வருடம் மூடி வைத்ததை ஆசுபத்திரி முழுசும் பார்த்துவிட்டது.

ராஜாமணி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள். பெரியவன் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவான். வெளியே வாங்கிவரச் சொன்ன மருந்தையும் தையல் நூலையும் அவனே வாங்கிவந்தான். சர்க்கார் கொடுக்கிற ரொட்டியையும் பாலையும் நான் தொடவில்லை. எனக்கு இரண்டு வீடு இருக்கிறது, நான் ஏன் சர்க்கார் ரொட்டி தின்ன வேண்டும் என்ற ரோசம்.

பக்கத்துக் கட்டிலில் ஜைத்தூன் என்று ஒரு பெண். கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேசன் ஆகித் தேறிவருகிறாள். அவள் வீட்டுக்காரர் டவுனில் மெத்தை தைக்கிறவர். தலைமுடியெல்லாம் பஞ்சோடு வந்து, அவளுக்குக் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுப்பார். எனக்குக் கோபமாக வரும், எதற்கென்று தெரியாது.

அமாவாசை வந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. காலையில் ராஜாமணி என் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டாள், கட்டிலுக்கு அடியில் கூட்டினாள், தூக்குப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்தாள். பாயைச் சுருட்டினாள்.

"வரேன் அத்தை. இனிமே சின்னவங்க வூட்டுல வருவாங்க."

"வூட்டுக்கா போற?"

"இன்னிக்கு அமாவாசைங்களே."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் மாதத்தை அவள் குறையில்லாமல் செய்துவிட்டாள். நான் தலையாட்டினேன். அவள் போய் மத்தியானம் ஆயிற்று, பொழுது சாய்ந்தது, சின்னவன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மறுநாள் ஆபரேசனுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது.

ஜைத்தூன் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் ஊற்றின இடியாப்பத்தை நீட்டினாள். வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே வாங்கித் தின்று பழக்கமில்லை என்றேன்.

"வாங்கு அக்கா. இதுக்கு மாசக் கணக்கு இல்ல."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் வாங்கினேன். பசி. மறுநாள் ஆபரேசனுக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

காலையில் மகன்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். சேர்ந்து வந்தது சண்டை போடத்தான். வார்டு வாசலில் நின்றார்கள். சிஸ்டர் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார், ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும், ஒருவர் வாருங்கள் என்றார்.

"அவன்தாங்க போடணும். நேத்தோட என் மொற முடிஞ்சிது" என்றான் பெரியவன்.

"நோவு வந்தது யாரு மாசத்துலண்ணா? கொண்டாந்து சேத்தது நீ. ஆபரேசன்னு முடிவு பண்ணது நீ. பாதியில எடுத்து எங்கிட்ட குடுத்தா நான் என்னா பண்றது?"

"டேய், உன் மாசத்துல வந்திருந்தா நீ இங்க கொண்டாந்திருப்பியா? வேப்பிலை அடிச்சிருப்ப."

"சரி, இப்ப நான் கையெழுத்துப் போட்டு, அம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டா? ஊரு என்னத்தான சொல்லும்? சின்னவன் கொன்னுட்டான்னு சொல்லும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோறு இல்லை, மருந்து இல்லை. யார் மாதத்தில் நான் செத்துப்போவேன் என்பதுதான் இவர்கள் கவலை. எவன் மாதத்தில் போகிறேனோ அவன் வாசலில்தான் பிணம் இறங்கும், காரியச் செலவும் பேச்சும் அவன் தலையில் விழும்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மலையாளத்துப் பக்கத்தவர், தமிழ் கொஞ்சம் இழுத்துப் பேசுவார். "என்னப்பா இது? அம்மாவா, தண்ணிப் பாய்ச்சற மொறையா? சீக்கிரம் சொல்லுங்க, டாக்டர் வந்தாச்சு."

"சிஸ்டர், அந்தப் பேனாவ இங்க குடுங்க" என்றேன்.

"பாட்டி, சொந்தக்காரங்க போடணும்."

"வெட்டி எடுக்கப் போற பைக்குச் சொந்தக்காரி நான்தான். இவங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள குடியிருந்துட்டுப் போனவங்க."

ஜைத்தூன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா வந்தார், என்னைப் பார்த்தார், மகன்களைப் பார்த்தார். "அவங்களே போடட்டும், நான் பேசிக்கறேன்" என்றார். மாதம்மாள் என்று எழுத எனக்கு நேரமாகும். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதினேன்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் இல்லாமல் போய்விட்டன. விழித்துக்கொண்டேதான் இருந்தேன். மேலே வட்ட விளக்கு, பீங்கான் தட்டில் கத்தரி விழும் சத்தம், தலைமாட்டில் யாரோ தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்கும் பேச்சு. வலியில்லை. யாரோ என் உடம்பை எனக்குத் தெரியாமல் அடுத்த அறையில் வைத்து வேலை செய்கிற மாதிரி இருந்தது. முடிந்ததும், எடுத்ததைக் காட்டுங்கள் என்று கேட்டேன். டாக்டரம்மா தயங்கிவிட்டுத் தட்டைக் காட்டினார். வாடின கத்தரிக்காய் அளவு. இவ்வளவு சின்னதற்குள் அவ்வளவு பெரிய இரண்டு ஆட்கள் இருந்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை.

வார்டுக்கு வந்து கண் அயர்ந்து விழித்தபோது கம்பியில் ரத்தப் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவன் கால்மாட்டில் நின்றான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னாடா அது கையில?"

"ஒண்ணுமில்லம்மா. கொசு கடிச்சிது." சட்டைக் கையை இறக்கிவிட்டான். "ராஜாமணி வந்தா எதும் சொல்லாத. நம்ம மாசம் இல்லியேன்னு கத்துவா."

அவனைத் திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை. அம்மாவுக்கு ரத்தம் கொடுப்பதையும் ஒளித்துக் கொடுக்க வேண்டிய மாதிரி ஆகிவிட்டது எங்கள் வீட்டுப் பிழைப்பு.

அதற்குப் பிறகு சின்னவன் வீட்டிலிருந்து செல்வி வந்தாள். நன்றாகவே பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நீர்க் குழாய் எடுக்கும் வரைக்கும் பையை அவள்தான் காலி செய்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு நாள், "இது தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன் அத்தை" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு உடனே மனம் இளகிவிடாது.

நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். துணி கட்டாமல், எதுவும் இடறாமல், வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். எத்தனை வருடம் கழித்து! அப்போதே மனசுக்குள் குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டேன்.

அனுப்பும் நாளில் டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். முக்கக் கூடாது. குந்தி உட்காரக் கூடாது. பாரம் தூக்கவே கூடாது, குடம், விறகுக் கட்டு, எதுவும்.

"எத்தனை மாசத்துக்குங்க?"

"மாசம் இல்ல பாட்டி. இனிமே எப்பவுமே. தூக்கினா மறுபடி இறங்கும். தைச்ச இடம் அவ்வளவுதான் தாங்கும்."

"களி கிண்டலாங்களா?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. செல்விதான் விளக்கினாள், பானையைக் காலால் பிடித்துக்கொண்டு துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும் என்று. டாக்டரம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். "அதான் மருமக இருக்காங்களே, செஞ்சு போடுவாங்க. ரெஸ்ட் எடுங்க. உங்களுக்கு இனிமே ரெஸ்ட்தான்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எதற்காக என்னை அறுத்துக்கொண்டேனோ அது இல்லை என்றாகிவிட்டது.

சின்னவன் வீட்டில் அவன் மாதம் முடியும் வரைக்கும் படுத்திருந்தேன். வேளைக்கு வந்தது, தின்றேன். அடுத்த அமாவாசை காலையில் செல்வி என் துணிகளை மடித்து வாசலில் வைத்தாள். எதிர் வாசலில் ராஜாமணி வந்து நின்றாள். துணியை ஒருத்தி எடுத்து இன்னொருத்தி கையில் கொடுக்கப் போனாள். நடுவில் போய் நான் வாங்கிக்கொண்டேன்.

பழைய சாய்ப்புக்குப் போகவில்லை, அங்கிருந்து தண்ணீர் தூரம். நேராகக் கிணற்றடிக்கு நடந்தேன். அங்கே பம்புசெட்டுக்குக் கட்டின மோட்டார் ரூம் இருக்கிறது. ஒரு கட்டில் போட இடம் உண்டு. ஓரத்தில் பழைய அடுப்பும் பானை சொம்பும், பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி.

பெரியவன் பின்னாலேயே வந்தான். "அம்மா, ஊரு சிரிக்கும்மா. ரெண்டு ஆம்பளப் பசங்க இருந்தும் பெத்த ஆயாவ மோட்டார் ரூமுல விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். ரெண்டு மாசத்துக்கும் சேத்து சொல்லட்டும்."

"தண்ணி யாரு தூக்குவாங்க?"

 வெறும் பானையை அடுப்பிலேயே வைத்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய், நிரப்பி வந்து பானையில் ஊற்றினேன். மறுபடி போனேன். பானை நிறைய நேரமாயிற்று. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது இங்கேதான் இருக்கிறேன். சுள்ளி பொறுக்கிக்கொள்கிறேன். சோறுதான் பொங்குகிறேன், குழைய விட்டு. வாய்க்குப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து களி தின்ற உடம்பு, சோறு தின்றால் பொழுது சாய்வதற்குள் பசிக்கிறது. இரண்டு வீட்டிலும் சாயங்காலம் களி கிண்டுகிற வாசனை காற்றில் இங்கே வரைக்கும் வரும். வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.